கண்ணாடித் தொட்டியும் கோஸ் இலையும்

போன வாரம் மகன் வீட்டு மீன்தொட்டியின் மூடியைத் திறந்தபோது ஒரு வாசனை வந்தது பாருங்கள், பச்சைப் பாசியும் ஈர மண்ணும் கலந்த வாசனை, அப்படியே நின்றுவிட்டேன். கண்ணாடி முழுக்கப் பொடிப்பொடி நத்தை. “இன்னைக்கே மருந்து வந்துடும்மா, நாலு சொட்டு விட்டா போதும்” என்று மகன் போனைத் தட்டிக்கொண்டிருந்தான். நான் சமையலறைக்குப் போய் முட்டைகோஸில் ஓர் இலையை உரித்துக்கொண்டு வந்தேன். அம்மாவுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று மருமகள் நினைத்திருப்பாள். நினைக்கட்டும்.

எழுபதுகளில் கும்மிடிப்பூண்டியில் போல்ட், நட் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். தினமும் ஆரம்பாக்கத்திலிருந்து ரயில். ஆறு மாதம் வேலையைப் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் செய்வார்கள். வீட்டில் மாதச் சம்பளம் என்று ஒன்றை முதலில் பார்க்கப்போவது நான்தான் என்பதால், எனக்கு இருந்த பயம் கொஞ்சநஞ்சம் இல்லை. மேனேஜர் தும்மினால்கூட நான் எழுந்து நிற்பேன்.

அந்த மேனேஜர் மெட்ராஸிலிருந்து வரும்போதே ஒரு கண்ணாடித் தொட்டியைக் கொண்டுவந்து முன்னறையில் வைத்திருந்தார். மனிதர்களிடம் எரிந்து விழுவார், மீனிடம் மட்டும் கொஞ்சுவார். தொட்டியில் செடி நிற்கவில்லை என்று ஒருநாள் புலம்பினார். நல்ல பெயர் வாங்க இதைவிட்டால் ஏது சந்தர்ப்பம்? மறுநாளே எங்கள் ஊர் ஏரியிலிருந்து வேலம்பாசியைப் பறித்து, ஈரத்துணியில் சுற்றி, சாப்பாட்டுப் பையில் போட்டு ரயிலேறிவிட்டேன். அலசக்கூட இல்லை. “குட், வெரி குட்” என்றார். அன்று முழுக்க எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

பாசியின் அடியில் ஜவ்வரிசிக் கஞ்சி போல ஏதோ ஒட்டியிருந்ததை நான் பார்த்தேன்தான். அது நத்தை முட்டை என்று யாருக்குத் தெரியும்!

ஒரு மாதத்தில் கண்ணாடியே தெரியவில்லை. மேனேஜர் கன்னியம்மாவைக் கூப்பிட்டார். அவள் கேண்டீனில் வேலை செய்பவள், பழவேற்காட்டுப் பக்கம் மீன்பிடிக்கிற குடும்பம், என் வயதுதான் இருக்கும். வாரம் ஒருமுறை தொட்டித் தண்ணீரை மாற்றுவதும் அவள்தான்.

“பம்புக்குப் போக சோம்பல்பட்டு குட்டைத் தண்ணிய ஊத்தினியா?”

“இல்ல சார், பம்புத் தண்ணிதான்.”

“அப்போ நத்தை எங்கேருந்து வந்துச்சு, வானத்துலேருந்தா? பத்து நாள் டைம். அதுக்குள்ள தொட்டி சுத்தமாகலேன்னா வேலைக்கு வராத.”

நான் நாலடி தூரத்தில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் வேலை போகும் என்ற பயம். இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

உறுத்தல் தாங்காமல் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவளோடு சேர்ந்து நத்தை பொறுக்கினேன். இன்று ஒரு டம்ளர் எடுத்தால் நாளை இரண்டு டம்ளர் இருந்தது. எனக்குப் பொறுமை போய்விட்டது. அப்பா வயலுக்கு வைத்திருந்த மயில்துத்தத்தைப் பொட்டலம் கட்டிக்கொண்டு போனேன். கன்னியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இன்னா டைப்பம்மா, நத்தையோட மீனும் செத்துப்பூடும். அப்புறம் நான் மட்டுமா, ரெண்டு பேருமே ஊட்டுக்குப் போவணும்.”

நத்தை ஏன் இப்படிப் பெருகுகிறது என்று பிறகு அவளே கண்டுபிடித்தாள். எங்கள் கம்பெனி ஆட்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. முந்தின வருஷம்வரை வயலில் கூலிக்கு நின்றவர்கள். மெஷினைத் தொடுவதற்குமுன் பயபக்தியாக ஒரு சிட்டிகைப் பொரியை மீனுக்குப் போட்டுவிட்டுத்தான் உள்ளே போவார்கள். கை நசுங்காமல் அன்றைய பொழுது கழிய வேண்டும் என்று ஒரு வேண்டுதல். நாற்பது பேர், நாற்பது சிட்டிகை! மீன் தின்றது போக மிச்சமெல்லாம் நத்தைக்கு விருந்து.

‘மீனுக்கு எதுவும் போடாதீர்கள்’ என்று நான் அழகாக டைப் அடித்து ஒட்டினேன். அதைப் படித்துவிட்டே பொரி போட்டார்கள். கன்னியம்மா சண்டைக்கெல்லாம் போகவில்லை. ஒரு காலி பிஸ்கட் டின்னைத் தொட்டி பக்கத்தில் வைத்தாள். “அல்லாரும் இதுல போட்டுட்டுப் போங்க, உங்க பேரைச் சொல்லி நான் மீனுக்குக் குடுத்துக்கறேன்” என்றாள். அவர்களும் பக்தியோடு டின்னில் போட்டார்கள். அவள் சொன்ன சொல் தவறாமல் தினமும் ஒரே ஒரு சிட்டிகையை, எல்லார் பெயரையும் முணுமுணுத்துவிட்டு மீனுக்குப் போட்டாள். மிச்சம் கேண்டீன் கோழிகளுக்கு.

சாயங்காலம் கிளம்பும்போது, சாம்பாருக்கு ஆகாத முற்றின கோஸ் இலையை வெந்நீரில் வாட்டி, கல்லைக் கட்டித் தொட்டிக்குள் இறக்குவாள். காலையில் தூக்கினால் இலை தெரியாத அளவுக்கு நத்தை மொய்த்திருக்கும். அதுவும் கோழிக்குத்தான். அந்தக் கோழி முட்டையில் போட்ட ஆம்லெட்டை மேனேஜர் ரசித்துச் சாப்பிடும்போது நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டோம்.

பத்தாம் நாள் மேனேஜர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். இரண்டோ மூன்றோ நத்தைதான் மிச்சம். “சரி, இது இருக்கட்டும், கண்ணாடிப் பாசியைத் தின்னும்” என்று போய்விட்டார். கன்னியம்மாவின் வேலை பிழைத்தது.

அன்று மத்தியானம் பம்படியில் அவளிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பாசி நான் கொண்டுவந்தது, நத்தை அதிலிருந்துதான் வந்தது, பயந்துகொண்டு சொல்லவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் பாத்திரத்தைத் தேய்த்துக்கினே சொன்னாள் (பாருங்கள், அவளை நினைத்தால் அவள் பேச்சே எனக்கும் வந்துவிடுகிறது):

“எனக்கு அன்னிக்கே தெரியும். உன் பையிலேர்ந்து ஏரித் தண்ணி வாசப்படிலேர்ந்து சொட்டிக்கினு வந்துச்சே, நான்தானே தொடைச்சேன். நத்தை முட்டைய எங்க ஊருல பாக்காதவ யாரு?”

“அப்போ ஏன் சார்கிட்ட சொல்லல?”

“எனக்கு இங்க இல்லன்னா எங்கியாவது பாத்திரம் தேய்க்கலாம். உனுக்கு இன்னும் பர்மனென்ட் ஆவலியே.”

அடுத்த மாதம் என்னை நிரந்தரமாக்கினார்கள். அந்தச் சம்பளத்தில்தான் தம்பிகள் படித்தார்கள், நானும் ஒரு ஆளாக நின்றேன். கன்னியம்மா குழந்தை பிறந்ததும் ஊரோடு போய்விட்டாள். கம்பெனி இருந்த இடத்தில் இப்போது குடோன். எங்கள் ஏரியில் பாதி மனையாகிவிட்டது, வேலம்பாசி இல்லை. மீனுக்குப் பொரி போட்டு வேண்டிக்கொண்ட அந்த நாற்பது பேரையும் காணோம்.

அன்று பம்படியில் நான் அவளுக்கு நன்றி சொல்லவில்லை. மூக்கைச் சிந்திக்கொண்டு “டீ இருக்கா?” என்றுதான் கேட்டேன். போன வாரம் மகன் வீட்டுத் தொட்டியில் இறக்கிய கோஸ் இலையை மறுநாள் காலை தூக்கினேன், நத்தை மொய்த்திருந்தது. பிறகு ஒரு சிட்டிகைப் பொரியை எடுத்து, அவள் பெயரைச் சொல்லி மீனுக்குப் போட்டேன்.