பம்பரின் முதுகில் ஒட்டியிருந்த பால்

நோய்க்காலத்தில் எல்லாரும் வீட்டுக்குள் அடைந்து கிடந்தோம். பிறகு முடிவெட்டும் கடைகளைத் திறந்தார்கள். மலேசியாவில், எங்கள் ஈப்போவில், ஆம்பளைகள் தலையெல்லாம் ஒரே வாரத்தில் சின்னதாகிப் போயின. அதற்கு அடுத்து வந்த மழையில்தான் அந்தக் கார் என் பட்டறைக்கு வந்தது.

பட்டறை என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். வீட்டோடு ஒட்டிய தகரக் கொட்டகை. ஐம்பது வருஷமாகக் கார் நசுங்கலைத் தட்டி எடுப்பது என் வேலை. எனக்கு எழுதப் படிக்க வராது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள்.

காரைக் கொண்டுவந்தவர் டவுனில் நாசி கண்டார் சோற்றுக் கடை வைத்திருக்கும் பாய். வண்டி, உருண்டை மூக்கு வைத்த கறுப்புச் சீமைக் கார். மழைக்குப் பேர்போன தைப்பிங்கில் யாரோ அதற்குள் கோழி அடைத்து வைத்திருந்தார்களாம். எச்சத்தைக் கழுவவே இரண்டு நாள் ஆனதாம். தைப்பிங் மழையில் ஒரு மணி நேரம் கதவைத் திறந்து வைத்திருந்தால் போதுமே என்றேன். சிரித்தார். முன் பம்பர் மட்டும் இல்லை. நான் உள்ளே உட்கார்ந்து ஸ்டீயரிங்கைப் பிடித்தேன். அதற்குப் பக்கத்துப் பலகையில் பீடி சுட்ட கரும்புள்ளிகள் மூன்று, வரிசையாக. அவை என் அப்பா வைத்த சூடுகள்.

அப்பா ரப்பர் தோட்டத்தில் வெள்ளைக்காரத் துரைக்கு டிரைவர். எனக்குப் பத்து வயது இருக்கும்போது, ஒரு நாள் காலை, துரை இல்லாமல் அந்தக் காரைத் தனியாக ஓட்டி வந்தார். அன்றைக்குச் செம்மண் ரோட்டில் பால் வெட்டும் பெண் ஒருத்தி செத்துப்போனாள். அப்பா சொன்னது இதுதான். அவள் கள் குடித்து விழுந்து, தலையில் அடிபட்டு ரோட்டில் கிடந்தாளாம். அவள்மேல் ஏறாமல் இருக்க இவர் வண்டியைத் திருப்பி மரத்தில் மோதினாராம். தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் உயிர் போய்விட்டதாம். வேறு யாரும் பார்க்கவில்லை. அதனால் அதுவே நடந்ததாக ஆனது. மரத்தில் மோதியும் தப்பித்ததற்கு நேர்த்திக்கடன் என்று அப்பா பம்பரைக் கழற்றி, தொழிலாளர் லயத்துக் கடைசியில் இருந்த முனியாண்டி மரத்தில் கம்பி போட்டுக் கட்டினார். முனிக்குக் கொடுத்த இரும்பை யாரும் தொடமாட்டார்கள்.

செத்தவளுக்கு இரண்டு வயதில் ஒரு மகள். குடிகாரி மகள் என்ற பேரோடுதான் வளர்ந்தாள். அந்தப் பேராலேயே ஒரு சம்பந்தம் பேச்சோடு நின்றது. வெகு காலம் கழித்து தாப்பா பஸ் ஸ்டாண்டில் என்னைக் கண்டு நிறுத்தினாள்.

"அண்ணே, ஒங்கப்பாதானே கடசியா பாத்தாரு. எங்கம்மா நெசமாவே குடிச்சிருந்தாங்களா?"

"எங்கப்பா பொய் சொல்ல மாட்டாரும்மா," என்றேன்.

தலையை ஆட்டிவிட்டு பஸ் ஏறினாள்.

பம்பர் கதைக்கு வருகிறேன். பாய் வெளிநாட்டிலிருந்து புதிதாகச் செய்த ஒன்றை வரவழைத்திருந்தார். கண்ணாடி மாதிரி மின்னியது. ஆனால் பம்பரைத் தாங்கும் இரண்டு இரும்புக் கைகளிலும் வைத்துப் பார்த்தால் போல்ட் துளை அரை விரல் தள்ளி நின்றது. இடது பக்கம் சேர்ந்தால் வலது பக்கம் வாயைப் பிளந்தது. அரம் போட்டுத் துளையை நீட்டினால் உட்கார்ந்துவிடும். பாய்க்கு மனசு ஆறவில்லை. அசல் கிடைத்தால்தான் வண்டிக்கு உயிர் என்றார். அது எங்கே தொங்குகிறது என்று நான் வாயை விட்டுவிட்டேன்.

"அப்ப நீங்களே போய்க் கேளுங்கண்ணே. நான் போனா ஒங்க முனி, நாசி கண்டார் எங்கடான்னு கேப்பாரு லா," என்றார்.

தோட்டம் இப்போது இல்லை. ரப்பரை வெட்டிச் செம்பனை போட்டார்கள். அதிலும் பாதி வீடுகளாகிவிட்டது. முனி மட்டும் அதே மரத்தடியில். பம்பர் எண்ணெய்க் கரி படிந்து எருமைக் கொம்பு மாதிரி தொங்கியது. பூக்கட்டிப் பார்த்துதான் தர முடியும் என்றார் பூசாரி. வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்பு ஒரு பொட்டலம். இலையில் மடித்து முனி காலடியில் போட்டு, எதில் எது என்று தெரியாத ஒருவரை எடுக்கச் சொல்வது. வெள்ளை வந்தால் சம்மதம். கட்டும் வேலையை என்னிடம் நம்பிக் கொடுத்தார். நான் இரண்டிலும் மல்லிகையையே வைத்துக் கட்டினேன். அசல் இரும்பைத் தட்டிப் பார்க்கும் ஆசை. வேறென்ன சொல்ல.

பூசாரியின் மனைவி குனிந்தார். ஒன்றைத் தொட்டார், கையை இழுத்துக்கொண்டார், மற்றதைத் தொட்டார்.

"ரெண்டும் சுடுதுங்க," என்றார்.

பிறகு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். வெள்ளை என்று பூசாரி பம்பரை அவிழ்த்துத் தந்தார். மற்றதை யாரும் பிரிக்குமுன் நான் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். மூன்றாம் நாள் சட்டையைத் துவைக்கப் போடும்போது கையில் பட்டது. பிரித்தேன். மல்லிகை வாடவில்லை. பறித்த ஈரத்தோடு இருந்தது.

அன்று மத்தியானம் பம்பரைக் காரில் வைத்தேன். சுத்தியலே வேண்டியிருக்கவில்லை. போல்ட்டுகள் விரலாலேயே உள்ளே போயின. யாரோ அந்தப் பக்கமிருந்து வாங்கிக்கொள்வது மாதிரி. அதன்பிறகுதான் வாடை வந்தது. தோட்டத்துப் பால் ஸ்டோரில் அடிக்குமே, அந்தப் புளிப்பு. சுற்றுவட்டாரத்தில் ஒரு ரப்பர் மரம் கிடையாது. பழைய நினைப்பு என்று விட்டுவிட்டேன். ஆனால் பாய் உள்ளே வந்ததும் மூக்கைப் பொத்தினார்.

"என்னண்ணே, பால் திரிஞ்ச வாடை அடிக்கிது?"

கழற்றித் திருப்பிப் போட்டேன். மரத்தை ஒட்டியே தொங்கியதால் முதுகுப் பக்கம் கரி இல்லை. பழுப்பாக ஒரு தோல் படர்ந்திருந்தது. ரப்பர் பால், தெறித்து வழிந்து உறைந்தது. அறுபது வருஷத்தில் கல்லாகியிருக்க வேண்டும். நகத்தை விட்டதும் உரிந்து வந்தது. அடிப்பக்கம் வெள்ளை வெளேரென்று, அன்று காலை இறக்கிய பால் மாதிரி பிசுபிசுத்தது. அதற்குள் பச்சைக் கண்ணாடி வளையல் துண்டுகள்.

முன்பக்கக் கரியைச் சுரண்டினேன். மரத்தில் மோதின பம்பர் குறுகலாக மடங்கும், பட்டை கீறியிருக்கும். இதில் கீறலே இல்லை. அகலமான, ஆழமில்லாத ஒரு பள்ளம். உடம்பு பட்ட பள்ளம். என் தொழிலில் நான் நிறையப் பார்த்தது.

படுத்துக் கிடந்தவளின் வாளிப் பால் முழங்கால் உயரத்துக்கு எப்படித் தெறிக்கும்? அவள் நின்றிருக்கிறாள். காண்டாக் கம்பைத் தோளில் போட்டு, இரு பக்கமும் நிறைந்த வாளி தொங்க, நடந்து வந்திருக்கிறாள். அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது. எங்கள் தோட்டத்துக் கள்ளுக்கடை சாயங்காலம்தான் திறப்பார்கள். காலையில் ஏது கள்? அத்தனை பேர் இருந்தோம், ஒருவரும் அதை நினைக்கவில்லை. அப்பா முனிக்குப் பம்பரைக் கொடுத்தது நேர்த்திக்காக அல்ல. யாரும் தொட்டுப் பார்க்காத இடம் அது ஒன்றுதான். அவர் போய் முப்பது வருஷம் ஆகிறது. யாரிடம் கேட்பேன்?

பாயிடம் எல்லாவற்றையும் சொன்னேன். புதுப் பம்பரைத் தூக்கி வந்து என் முன்னால் வைத்தார்.

"புதுசையே மாட்டுங்கண்ணே. இது அந்தம்மாவுது," என்றார்.

புதுப் பம்பரின் துளையை அரத்தால் நீட்டி மாட்டிக் கொடுத்தேன். பழையதை முனியிடம் கொண்டுபோய், நான் பூவில் செய்த திருட்டையும் ஒப்புக்கொண்டேன். பூசாரி திட்டவில்லை. திட்டியிருக்கலாம். இந்த முறை முதுகு வெளியே தெரியும்படி கட்டினோம். உரிந்த தோலையும் வளையலோடு அதிலேயே வைத்துக் கம்பி சுற்றினேன்.

அந்த மகள் இப்போது தெலுக் இந்தான் மார்க்கெட்டில் காய்கறி விற்கிறாள். இரண்டு முறை பஸ் ஏறிப் போனேன். இரண்டு முறையும் கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். என்னை அடையாளம் தெரிந்து, முப்பது வருஷம் கழித்தும் அப்பா செத்த துக்கம் விசாரிக்கிறாள். அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை.

இதைக் கேட்கிறவர்கள் அந்தப் பக்கம் போனால் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அவள் அம்மா குடிக்கவில்லை. நின்றுகொண்டுதான் இருந்தாள், இரண்டு வாளியும் நிறைந்திருந்தது. இதைச் சொல்லச் சொன்னது டிரைவர் மகன் என்றும் சொல்லுங்கள்.