சத்தமா இருக்கிற மெஷின்

காப்பிக்கொட்டை அரைக்கும் மெஷின் ஒன்று வாங்கலாம் என்று செல்போனில் தேடிக்கொண்டிருக்கிறேன். கையைக் கடிக்காத விலையில் இருக்க வேண்டும். வாங்கியவர்கள் எழுதியிருக்கும் குறைகளைப் படித்தால் பாதிக்கு மேல் ஒரே புலம்பல்தான். சத்தம் அதிகமாம், குழந்தை முழித்துக்கொள்கிறதாம், கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கு வருகிறாராம். சத்தமே வராத மெஷினுக்குத்தான் இப்போது மவுசு. கடைக்குப் போய் இதைவிடச் சத்தமாக ஒன்று கொடுங்கள் என்று கேட்டு வாங்கியவர் எனக்குத் தெரிந்து ஒரே ஒருவர். என் பெரியம்மா. அதையும் அவர் நேராகக் கேட்கவில்லை, என்னை விட்டுக் கேட்டார்.

திருவிடைமருதூர்ப் பக்கம், வயலை ஒட்டிய வீடு எங்களுடையது. அப்பா, அம்மா, நான், அப்பாவின் அண்ணனான பெரியப்பா, அவர் மனைவி பெரியம்மா, எல்லோருக்கும் ஒரே அடுப்பு. பெரியப்பாவுக்குப் பிள்ளைகள் கிடையாது. பெரியப்பாவும் பெரியம்மாவும் ஒருவரோடு ஒருவர் பேசவும் மாட்டார்கள். நான் பிறப்பதற்கு முன்பே பேச்சு நின்றுவிட்டதாம். என்ன சண்டை என்று அம்மாவிடம் கேட்டேன். தலையில் ஒரு குட்டுதான் விழுந்தது. ஒரே வீட்டில் உண்டு உறங்கி, அவர் வேட்டியை இவர் துவைத்து, இவருக்குக் காய்ச்சல் என்றால் அவர் மாத்திரை வாங்கி வந்து வைத்து, எல்லாம் நடக்கும். வாய் மட்டும் திறக்காது. சொல்ல வேண்டியதை என்னிடம் சொல்வார்கள். நான் இரண்டு பேருக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருப்பேன்.

பெரியப்பா சோறில்லாமல்கூட இருந்துவிடுவார், மூன்று மணிக் காப்பி இல்லாமல் இருக்க மாட்டார். சிக்கரி கலந்ததைக் காப்பி என்றே ஒத்துக்கொள்ள மாட்டார், கஷாயம் என்பார். வறுத்த கொட்டையாக வாங்கி வந்து அன்றன்றைக்குத் தாமே அரைத்துக்கொள்வார். கையால் சுற்றுகிற பழைய மெஷினின் பிடி ஒரு நாள் உடைந்துபோனது. வீட்டு மிக்ஸியில் அரைத்துப் பார்த்தார். காப்பியில் வத்தக்குழம்பு மணத்தது. மறுநாளே கும்பகோணத்துக்கு பஸ் ஏறினோம். அவர் முன்னால் நடந்தார், பெரியம்மா நாலு ஆள் தூரம் தள்ளிப் பின்னால் நடந்தார், நடுவில் நான்.

கடைக்காரர் இரண்டு வகை காட்டினார். ஒன்றில் பல் வைத்த இரண்டு சக்கரங்கள் கொட்டையை நசுக்கி அரைக்கும். பொடி ஒரே சீராக விழுமாம். விலையைக் கேட்டதும் பெரியப்பா அதைத் தொட்ட கையை எடுத்துக்கொண்டார். மற்றது அடியில் பிளேடு சுற்றுவது, குட்டி மிக்ஸி மாதிரி. அதன் விலை எங்களுக்குத் தோதாக இருந்தது.

"இது மூடியை அழுத்திப் புடிச்சாத்தாங்க ஓடும். கையை எடுத்தா நின்னுடும். சின்னப் புள்ள இருக்கிற வீட்டுக்குப் பயமே இல்ல," என்றார் கடைக்காரர்.

அதிலேயே இரண்டு கம்பெனி இருந்தது. பெரியப்பா துண்டில் முடிந்து கொண்டுவந்திருந்த கொட்டையைப் போட்டு இரண்டையும் ஓட்டிப் பார்த்தார். பொடியை விரலில் தேய்த்துப் பார்த்துவிட்டு, சத்தம் குறைவானதைக் கட்டச் சொல்லப்போனார். அப்போது பெரியம்மா என் காதருகே குனிந்தார்.

"அது வேணாம். சத்தமா இருக்கிறதை எடுக்கச் சொல்லு. கொல்லையில இருந்தாலும் எனக்குக் காதுல விழணும்."

நான் அதைக் கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். கடைப்பையன்கள் சிரித்தார்கள். பெரியப்பா சிரிக்கவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. கையில் இருந்ததைத் தள்ளி வைத்துவிட்டுச் சத்தமானதை எடுத்துக்கொண்டார்.

அந்த நாட்களில் எங்கள் ஊரில் கரண்ட் பகலில் முறை வைத்துத்தான் வரும். மத்தியானம் போனால் மூன்று மணிக்குத் திரும்பும். ஃபேன் சுற்றத் தொடங்கியதும் பெரியப்பா எழுந்து அடுக்களைக்குப் போவார். பாதி அளவுதான் கொட்டை போடுவார். மூடியை அழுத்துவார், விடுவார், மெஷினை ஒரு தடவை சாய்த்துக் குலுக்குவார், மறுபடி அழுத்துவார். விடாமல் அரைத்தால் பொடி சூடேறி வாசனை போய்விடும், மாவாகிவிட்டால் ஃபில்டரில் டிகாஷன் இறங்காது என்பது அவர் கணக்கு. கடைசியில் ஒரு பிடி பச்சரிசியைப் போட்டு ஓட்டி, ஒட்டியிருக்கிற எண்ணெய்ப் பிசுக்கை எடுத்துவிடுவார். மெஷினோ ஊரைக் கூட்டும். கொல்லையில் கீரை கிள்ளிக்கொண்டிருக்கும் பெரியம்மா அதைக் கேட்டதும் கையைக் கழுவி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வருவார். அதற்குள் பெரியப்பா கூடத்துக்குப் போய் ஈஸிசேரில் உட்கார்ந்திருப்பார். பொடி மட்டும் ஃபில்டரில் இருக்கும். பெரியம்மா காப்பி போட்டுக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைப்பார். மெஷின் ஓடாத நாளில் காப்பியும் கிடையாது. கூப்பிடாமல் எப்படிப் போவது என்பார் என்னிடம்.

கோடை உளுந்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த சமயம் அது. மூன்று மணிக்குக் கரண்ட் வரும் என்று யாரும் மோட்டார் கொட்டகையில் காத்துக் கிடக்க மாட்டார்கள். கிழிந்த சைக்கிள் டியூபால் ஸ்டார்ட்டர் பட்டனை அழுத்தினாற்போல் இழுத்துக் கட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவார்கள். கரண்ட் வந்ததும் மோட்டார் தானாக ஓடும். எங்கள் ஊரில் எல்லோரும் செய்கிற காரியம்தான். ஒரு நாள் மத்தியானம் அப்படிக் கட்டப் போன பெரியப்பா திரும்பி வரவில்லை.

அன்று மூன்று மணிக்கு ஃபேன் சுற்றியது. அடுக்களையில் சத்தம் இல்லை. பெரியம்மா கொல்லையில் கீரையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தார். "என்னடி, இன்னும் மெஷினு ஓடலை?" என்று என்னைக் கேட்டார். தூரத்தில் எங்கள் மோட்டார் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. தண்ணீர் வரப்பை உடைத்துத் தன் வயலுக்குள் பாய்வதைப் பார்த்த பக்கத்து வயல்காரர் திட்டிக்கொண்டே கொட்டகைக்குப் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. மாரடைப்பு. அவர் கட்டிய மோட்டார், அவர் போன பிறகு, அவர் தலைமாட்டிலேயே ஓடிக்கொண்டிருந்தது.

பெரியம்மா அழவில்லை. ஊர் அதையும் பேசியது. பேசாத புருஷனுக்கு எதற்கு அழுகை என்றார்கள்.

கருமாதி முடிந்து வந்தவர்களெல்லாம் போன பிறகு, கோடை விடுமுறையில் ஒரு மத்தியானம். அம்மா கூடத்தில் படுத்திருந்தார். நான் ஜன்னல் ஓரம் கொல்லையைப் பார்த்தபடி படம் வரைந்துகொண்டிருந்தேன். காற்றே இல்லை, காக்காய்கூடக் கத்தவில்லை. ஃபேன் சுற்றத் தொடங்கியது. அதே நொடியில் சாத்தியிருந்த அடுக்களைக் கதவுக்குப் பின்னால் மெஷின் அலறியது.

அம்மா வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்தார். அப்பா டவுனுக்குப் போயிருந்தார். பெரியம்மா கொல்லையில் இருந்தார், என் கண் முன்னாலேயே. வீட்டில் வேறு யாரும் இல்லை.

மூடியை அழுத்தினால்தான் ஓடும், கையை எடுத்தால் நின்றுவிடும். கடைக்காரர் சொன்னது எனக்கு நினைவு வந்தது. அப்படியானால் இப்போது யாருடைய கை? பெரியப்பா விட்டு விட்டுத்தான் அரைப்பார். இது நிறுத்தவே இல்லை. மூச்சு விடத் தேவையில்லாத ஆள் அரைக்கிற மாதிரி ஓடிக்கொண்டே இருந்தது. பெரியம்மா அவசரப்படவில்லை. கையைக் கழுவினார், முந்தானையால் முகத்தைத் துடைத்தார், எங்களைத் தாண்டிப் போய் அடுக்களைக் கதவைத் திறந்து உள்ளே நுழைந்து சாத்திக்கொண்டார். சத்தம் நின்றது. கொஞ்ச நேரத்தில் ஃபில்டரைத் தட்டும் ஓசை வந்தது. பொடி மாவாகிப்போய் டிகாஷன் இறங்கவில்லை போலும். பிறகு ஒரு டம்ளர் காப்பியைக் கொண்டுவந்து, மடக்காமல் கிடந்த ஈஸிசேர் பக்கத்தில் வைத்துவிட்டு மறுபடி கொல்லைக்குப் போய்விட்டார். அதில் ஏடு படிவதை நானும் அம்மாவும் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

மறுநாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாளும். அப்பா முதலில் அம்மாவைக் கேலி செய்தார். "சுவிச்சை யாராச்சும் போட்டு வச்சிருப்பீங்க," என்றார். ஒரு நாள் வீட்டில் இருந்து காதால் கேட்டதும் கேலி அடங்கிவிட்டது. பெரியம்மா கொல்லையில் இருப்பதை அவரும் பார்த்தார். அடுக்களைக்குள் போகத்தான் அவருக்கும் கால் எழவில்லை. மூன்று மணி நெருங்கினால் அம்மா என்னை இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவார். ஈஸிசேரின் துணி நடுவில் தொய்ந்து கிடக்கும். அது முன்பும் அப்படித்தான் தொய்ந்திருக்கும் என்று அப்பா சொல்வார், ஆனால் கிட்டே போய் மடக்கி வைக்க மாட்டார்.

சேதி திருச்சிக்குப் போய், பெரியம்மாவின் அண்ணன் கார் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அவரை நான் மாமா என்பேன். வந்ததும் வராததுமாகத் தீர்ப்பு சொன்னார். "மாப்ளே, அவர் உசிரே அந்த மெஷின்லதான் இருக்கு. அதை எடுத்துட்டுப் போயி காவேரியில போட்டுடுங்க. தங்கச்சியை நான் கூட்டிட்டுப் போறேன். இந்த வீட்ல இனிமே அவ இருக்கக் கூடாது."

"அண்ணே, நான் எங்கயும் வரலை," என்றார் பெரியம்மா.

"இங்க யாரு இருக்காங்கன்னு இருப்பே?"

பெரியம்மாவின் பார்வை அடுக்களைக் கதவுக்குப் போய்த் திரும்பியது. அம்மா அவர் துணிகளை ஒரு பையில் எடுத்து வைக்கவே ஆரம்பித்துவிட்டார். "போயிட்டு வாங்க அக்கா, கொஞ்ச நாள்தான்," என்றார் அம்மா. பெரியம்மா கொல்லைப் பக்கம் போனார். அவர் போய்விட்டால் எனக்குக் கதை சொல்லித் தலை பின்னிவிட ஆளில்லை என்று எனக்கு அழுகை வந்தது. அவர் இருந்தால் மெஷின் ஓடுமே என்று பயமும் வந்தது. எதற்கு அழுவது என்று தெரியாமல் நின்றேன்.

மெஷினை எடுக்க அப்பா கிளம்பினார். கரண்ட் இன்னும் வரவில்லை. தனியாகப் போக அவருக்கும் மனமில்லை போல, என் கையைப் பிடித்துக்கொண்டார். கதவைத் திறந்தோம். உள்ளே அரை இருட்டு. மேடைமேல் மெஷின் இருந்தது. சுவரில் சுவிட்ச் போட்டபடி இருந்தது. மூடிக்கு மேல் குறுக்காக, அடியோடு சேர்த்து, இறுக்கிக் கட்டியிருந்தது ஒரு சைக்கிள் டியூப் பட்டை.

மோட்டார் கொட்டகையில் இருந்த அதே டியூப். பெரியப்பா கட்டியதை ஸ்டார்ட்டரிலிருந்து அவிழ்த்து யார் கொண்டுவந்தார்கள் என்று அதுவரை யாரும் யோசிக்கவில்லை.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்புறம் கோபம் வந்தது. இத்தனை நாள் பெரியம்மாவா எங்களை ஏய்த்தார்? "அப்பா, பெரியம்மாதான்..." என்று கத்த வாயெடுத்தேன். அப்பா என் வாயைப் பொத்தினார். அந்த டியூப் முடிச்சை விரலால் தடவிப் பார்த்தார். ஒரு பக்கம் நழுவியிருந்ததை இழுத்துச் சரியாக்கினார். மெஷினை எடுக்கவில்லை. என்னைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து கதவைச் சாத்தினார்.

"மச்சான், மெஷினு இங்கேயே இருக்கட்டும். அண்ணியும் இருக்கட்டும்."

"என்ன மாப்ளே, உள்ள என்ன பாத்தீங்க?"

"அண்ணன்தான்," என்றார் அப்பா.

மாமா ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். ஃபேன் சுற்றியது. அடுக்களையில் மெஷின் அலறத் தொடங்கியது. மாமா செருப்பைக்கூடப் போடாமல் வாசலுக்குப் போய்விட்டார். அம்மா கையிலிருந்த துணிப்பையோடு சுவரில் ஒட்டிக்கொண்டார்.

கொல்லையில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. பெரியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார். கன்னமெல்லாம் ஈரமாக இருந்தது. எங்களில் யாரையும் அவர் பார்க்கவில்லை. அடுக்களைக் கதவில் கை வைத்து, உள்ளே பார்த்து, நான் பிறந்ததிலிருந்து கேட்டிராத ஒரு குரலில் சொன்னார்.

"இதோ வந்துட்டேங்க."

அவ்வளவு நாள் மெஷின் ஓடியபோதுகூட வராத அளவுக்கு எனக்கு அப்போது பயம் வந்தது. உள்ளே யாரும் இல்லை. டியூபை நானே பார்த்திருந்தேன். அப்படியிருந்தும் பெரியம்மா யாரிடம் பேசினார்? அப்பாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தார், தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. அப்பாவுக்கும் பயம்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.