சூறையின் குரல், பூ மார்க்கெட் அந்தோணி

எரியோட்டிலிருந்து என் குட்டியானை வண்டியில் சம்பங்கி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு வரும்போது சலீமின் போன் வந்தது. "மாமா, அந்தோணி போயிட்டான்" என்றான். எங்கடா போனான், பழனிக்கா என்று கேட்டேன். சலீம் மூக்கை உறிஞ்சினான். வண்டியை ஓரங்கட்டினேன். பூ மார்க்கெட்டில் ஏலம் கூவிக்கொண்டிருந்தவன், விலையைப் பாதியில் நிறுத்திவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தானாம். எழுந்திருக்கவில்லை. நாற்பது வயது கூட ஆகாத பயல்.

சூறை என்ற இசைப் பேரரசின் குடிமக்களே! நீங்கள் மொத்தம் இருபது பேர் இருந்தால் அதிகம். ஆனாலும் உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை: சூறை என்பது திண்டுக்கல்லில் பிறந்த ஹெவி மெட்டல் குழு. ஹெவி மெட்டல் என்றால் நான்கு பேர் சேர்ந்து வானத்தைப் பிய்த்துக் கீழே போடுவது. என் அக்கா மகன் பிரபு கிட்டார் வாசித்தான், பாட்டெல்லாம் எழுதினான். சலீம் டிரம்ஸ். பேஸ் கிட்டாருக்கு ஆள் மாறிக்கொண்டே இருந்தது. குரல், அந்தோணி. மேலாளர், ஓட்டுநர், மெய்க்காப்பாளர், மூட்டை தூக்கி ஆகிய பதவிகளை அடியேன் வகித்தேன். பிரபுவுக்கு மாமா என்பதால் அத்தனை பேருக்கும் மாமா ஆனேன்.

பயிற்சிக்கு இடம் கிடைக்கவில்லை. கடைசியில் எரியோடு சாலையில் காலியாகக் கிடந்த ஒரு கோழிப்பண்ணைக் கொட்டகை வாய்த்தது. முதல் நாள் அந்தோணி வாயைத் திறந்ததும் பக்கத்துத் தோப்பில் தேங்காய்கள் தாமாக விழுந்தன. இரண்டாம் நாள் சிறுமலை ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தது. இதை நான் ஊரெல்லாம் சொன்னேன், ஊர் சிரித்தது. எனக்கென்ன, நான் பார்த்தது அப்படித்தான். ஒல்லி உடம்பு, ஞாயிறு தவறாமல் கோயிலில் பாடுகிற பையன், காலையில் மல்லிகைக் கூடைகளுக்கு நடுவே நின்று விலை கூவுகிறவன். அவனுக்குள்ளிருந்து கிணறு பேசுவதைப் போல ஒரு உறுமல் வரும். எப்படிடா என்று கேட்டதற்கு, "வயித்துல இருந்து எடுக்கணும் மாமா. நெஞ்சுல இருந்து எடுத்தா அழுகையாப் போயிரும்" என்றான். தொழில் ரகசியம் என்று நினைத்து நானும் மண்டையை ஆட்டினேன்.

எங்கள் முதல் படையெடுப்பு பாலசமுத்திரத்தில். கோயில் திருவிழாவுக்கு வரவேண்டிய ஆர்க்கெஸ்ட்ரா வராமல் போக, எனக்குத் தெரிந்த ஒருவர் எங்களை மேடையேற்றிவிட்டார். முதல் பாட்டு முடிந்ததும் நாய்கள் கூட அமைதியாகிவிட்டன. மேடைக்குப் பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர் என்னைத் தனியே அழைத்து, "ஏனுங்க, அந்தத் தம்பிக்கு உடம்புக்கு ஏதாச்சும் முடியலீங்களா? வண்டி வேணும்னா எடுக்கச் சொல்றனுங்க" என்றார். அந்தோணி மேடையிலிருந்து இறங்கி வந்து, நான் நல்லாத்தான் இருக்கேனுங்க ஐயா என்று கும்பிட்டான். அந்தக் குழைவான குரலைக் கேட்டுப் பெரியவர் இன்னும் பயந்துபோனார். ஆனால் சிறுசுகள் ஆடின. யாரோ எடுத்த வீடியோ போன் போனாகப் பரவியது. கல்லூரி விழாக்களுக்கு மதுரையில் கூப்பிட்டார்கள், கோவையில் கூப்பிட்டார்கள். பெங்களூரிலிருந்து பேச்சு வந்தது. செவ்வாய் கிரகத்திலிருந்தும் விசாரித்ததாக நான் சொல்லித் திரிந்தேன்.

சூறையின் பாட்டுகளில் பிரபு உயிரை வைத்திருந்தது ஒன்றில்தான். என் மச்சான், அதாவது அவனுடைய அப்பா, இறந்த வருஷம் எழுதியது. ஆணியில் தொங்கும் அவருடைய சட்டையைப் பற்றிய பாட்டு.

ஆணியில் தொங்குது உன் சட்டை
அதுக்கு இன்னும் உன் தோள் ஞாபகம்
கதவு திறந்தா அது அசையுது
நான்தான் எந்திரிக்கலை.

மேடையில் இந்தப் பாட்டு வரும்போது மட்டும் பிரபு கண்ணை மூடிக்கொள்வான். அந்தோணி உறுமுவான். ஒரு சொல்லும் யாருக்கும் விளங்காது. இந்த இசையில் அது குறையில்லை, இலக்கணம்.

கோவையில் ஒரு கல்லூரியில் அந்தச் சட்டைப் பாட்டோடு வாசித்து முடித்த மாலை. நிலக்கோட்டைப் பக்கத்துப் பெண் ஒருத்தி, அங்கே படிப்பவள், பிரபுவிடம் சிரித்துக்கொண்டே வந்தாள். "அண்ணா, எங்க அப்பா பூ கொண்டு போறது உங்க ஊரு மார்க்கெட்டுக்குத்தான். அந்தக் கடைசிப் பாட்டுல மல்லி, முல்லை, பிச்சின்னு அந்தண்ணன் ஏலம் கூவிக்கிட்டே வர்றாரு. செம ஐடியா" என்றாள். விவரம் தெரியாத பிள்ளை, பாராட்டத்தான் வந்தது. பிரபுவும் முதலில் சிரித்தான். பிறகு அந்தோணியைத் திரும்பிப் பார்த்தான்.

"அப்பா பாட்டுலயுமா?"

அந்தோணி மைக் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தான். "அந்தப் பாட்டுல மட்டுந்தான் மாப்ள" என்றான்.

பிரபு கிட்டாரை உறையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டான். பேரரசுகள் போரில் விழும் என்பார்கள், எங்களுடையது கோவை பஸ் ஸ்டாண்டில் ஒரு ஜன்னலோர இருக்கையில் விழுந்தது. பெங்களூர்க்காரர்களுக்கு நான் சாக்கு சொன்னேன். சலீம் கல்யாண மேளக்குழுவில் சேர்ந்தான். அந்தோணி பழையபடி பூ மார்க்கெட். பிரபு செல்போன் கடை வைத்தான். இரண்டு பேரும் ஒரே ஊரில், கூப்பிடு தூரத்தில் இருந்துகொண்டு பேசாமலே வருஷங்களை ஓட்டினார்கள்.

குழு உடைந்து கொஞ்ச காலம் கழித்து ஒரு விடியற்காலை, பூ ஏற்றிக்கொண்டு வரும் வழியில் அந்தோணி என் வண்டியில் தொற்றிக்கொண்டான். ஜன்னலில் கை வைத்தபடி தன்பாட்டுக்கு ஏதோ பாடினான். காது கொடுத்தேன். ஆணியில் தொங்குது உன் சட்டை. உறுமல் இல்லை, கூச்சல் இல்லை. ஒரு மெட்டுக் கட்டி வைத்திருந்தான். மூன்றாவது வரியில், அசையுது என்ற இடத்தில், குரல் மெதுவாக மேலே ஏறி அங்கேயே செத்த நேரம் நிற்கும். பிறகு இறங்கும். வண்டி ஓட்டுகிறவனுக்கு ரோடு மங்கினால் என்ன செய்வது? ஏலே, இம்புட்டும் தெரிஞ்சு வச்சுக்கிட்டாடா பூ வெலைய கூவுன என்று கேட்டேன்.

"அவங்க அப்பாவைப் பத்தின வரி மாமா. அதைப் போயி எப்புடிக் காட்டுக் கத்தா கத்துறது? ஒரு தடவை பாடிப் பாத்தேன், நெஞ்சுல இருந்து வந்துருச்சு. மேடையில அழுதா அவனுக்குத்தான அசிங்கம். பூ வெலைன்னா யாருக்கும் வலிக்காது."

இதை அவனிடமே சொல்லேன் என்றேன். ஒரு நாள் உக்காந்து பாடிக் காட்டுறேன், வாயால சொன்னா சப்பைக்கட்டு மாதிரி இருக்கும் என்றான். அந்த ஒரு நாளுக்கு நான் காத்திருக்கவில்லை. மறுநாளே பிரபுவின் கடைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் ஒரு போனைப் பிரித்துக்கொண்டே நிமிராமல் கேட்டான்: "சிறுமலை நகந்துச்சுன்னு சொன்னதும் நீங்கதான மாமா?"

அடக்கத்தன்று பிரபு வருவானா என்று சலீம் கேட்டுக்கொண்டே இருந்தான். வந்தான். கல்லறைத் தோட்டத்துச் சுவரோரம் நின்றான், மண் போடும்போது மட்டும் கிட்டே வந்தான். பிறகு வீட்டுக்குப் போனோம். அந்தோணியின் மனைவி ஸ்டெல்லா அவனை அடையாளம் கண்டுகொண்டாள். "நீங்கதான பிரபு அண்ணன். வீட்டுல ஓயாம உங்க பாட்டுதான். குளிக்கும்போது, புள்ளையத் தூங்க வைக்கும்போது எல்லாம் அதான். ஆணியில..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். அவள் பார்வை போன பக்கம் நாங்களும் பார்த்தோம். கதவுக்குப் பின்னால் அவனுடைய மார்க்கெட் சட்டை தொங்கிக்கொண்டிருந்தது.

திரும்பும்போது பிரபு தன் கடைக்குப் போகாமல் என் வண்டியில்தான் ஏறினான். வேடசந்தூர் ரோட்டில் திரும்பும்போது, "மாமா, அவன் எப்புடிப் பாடுனான்?" என்று கேட்டான்.

அந்தோணியின் உறுமல் பலருடைய போனில் இருக்கிறது. இந்த மெட்டை எவரும் பதிவு செய்யவில்லை. பிரபுவுக்காகப் பாடினேன். இத்தனை நாளும் அளந்துவிட்ட வாய் இது. அன்று ஒரு சுருதி கூடக் கூட்டாமல் குறைக்காமல், கேட்டது கேட்டபடி பாடப் பார்த்தேன். அந்தோணியிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த நான்கு வரி மெட்டு. மூன்றாவது வரியில் அவன் குரல் எங்கே ஏறி நிற்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். என் தொண்டைக்கு அங்கே போகத்தான் வழி தெரியவில்லை.