ரொக்ஸ்பரோ ஹீட்டரும் ஜெர்மன் அதிகாரியின் கையெழுத்தும்

மொன்றியல் ரொக்ஸ்பரோவில் சொந்த வீடு. லொங்குய்யில் இன்னும் இரண்டு, வாடகைக்கு விட்டிருக்கிறேன். மூன்று பிள்ளைகளும் பல்கலைக்கழகம் முடித்தவர்கள். ரயில் பாதையில் பனி அகற்றப் பன்னிரண்டு பேர் கொண்ட குழு. அதை உருவாக்கியதும் நான், தலைவனும் நான். ஏழாம் வகுப்போடு படிப்பை விட்டவன், ஜெர்மனியில் அகதியாக ரயில் பெட்டி கழுவியவன் இத்தனையையும் செய்தேன். ஒருவரும் கை கொடுக்கவில்லை.

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் எங்கள் ரயில் கொம்பனி ஒரு ஜெர்மன்காரரை ஆலோசகராக அழைத்தது. டிக்கெட் கொடுக்கும் வேலையில் தொடங்கி, ரயில்வே நிர்வாகியாகி, பிறகு அமைச்சில் பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். எனக்கு ஜெர்மன் தெரியும் என்பதால் என்னையே துணைக்கு விட்டார்கள். அவர் ஒரு பரீட்சை வைத்தார். பனி கொட்டும் நாளில் ரொக்ஸ்பரோவிலிருந்து பிற்பகல் மூன்று மணி ரயில் நேரத்துக்குப் புறப்படவேண்டும். தவறினால் எங்கள் குழுவைக் கலைத்து, வேலையை வெளியாருக்குக் கொடுக்கச் சொல்லி எழுதுவார். பன்னிரண்டு குடும்பம்!

தண்டவாளம் பிரியும் இடத்தில் அசையும் இரும்பு உறைந்தால் ரயில் நகராது. அதற்கு ஹீட்டர் உண்டு. பனி படிந்த பிறகே, தன் கையெழுத்து இருந்தால்தான், அதைப் போடலாம் என்பது அவர் சட்டம். அவருடைய ஊர்க் குளிருக்கு அது சரி. மொன்றியலில் உருகும் தண்ணீர் கீழே இறங்கி மறுபடி கல்லாகிவிடும். இரும்பு முதலே சூடேறியிருக்க வேண்டும்.

பரீட்சை நாளன்று காலை எட்டு மணிக்கு, பனி விழுவதற்கு முன்பே, நான் ஹீட்டரைப் போட்டேன். பதிவுப் புத்தகத்தில் நேரத்தையும் எழுதினேன். என் குழுவில் ஒருவர், ஐம்பது வயது மனிதர், பதறிப்போனார்.

"அண்ணை, உங்களுக்கென்ன விசரே? கையெழுத்து இல்லாமல் போட்டால் வேலையால நிப்பாட்டிப்போடுவாங்கள்."

"பின்னேரம் றெயின் நிண்டால் உன்னையும்தான் நிப்பாட்டுவாங்கள். வாயை மூடிக்கொண்டு மண்வெட்டியளை எடுத்து வை."

"எடுக்கிறன். பேந்து கேட்டால், எனக்கொண்டும் தெரியாதெண்டுதான் சொல்லுவன்."

"நீ அப்பிடிச் சொல்லாட்டித்தான் அதிசயம்!"

பத்து மணிக்குப் பனி கொட்டத் தொடங்கியது. இரண்டரைக்கு ஜெர்மன்காரர் வந்தார், பின்னால் கொம்பனி மேலாளர். சுற்றிலும் முழங்காலளவு பனி. அந்த இரும்பு மட்டும் காய்ந்து கிடந்தது. கையுறையைக் கழற்றித் தொட்டுப் பார்த்தார்.

"எத்தனை மணிக்கு?" என்று ஜெர்மன் மொழியில் கேட்டார்.

"எட்டு."

மேலாளர் பதிவுப் புத்தகத்தைப் புரட்டத் தொடங்கினார். மூன்று மணிக்கு இரும்பு டக்கென்று விலகியது; ரயில் போனது. அப்போது மேலாளரின் விரல் எட்டு மணி வரியில் நின்றது. உத்தரவு எங்கே என்று என்னைப் பார்த்துக் கேட்டார். ஜெர்மன்காரர் புத்தகத்தை வாங்கி, அந்த வரிக்கு நேரே 'என் உத்தரவுப்படி' என்று எழுதிக் கையெழுத்து வைத்தார்.

எங்கள் வேலை தப்பியது. அதற்கு அன்றே நன்றி சொன்னேன், இன்றும் சொல்வேன். ஆனால் இப்போது தன் உத்தியோக வாழ்க்கையைப் புத்தகமாக்கி எனக்கும் ஒரு பிரதி அனுப்பியிருக்கிறார். பனிக்கு முன்பே சூடேற்றும் முறையை மொன்றியலில் தான்தான் கண்டுபிடித்தாராம். நான் 'உள்ளூர் மொழிபெயர்ப்பாளர்'. என்னைக் காப்பாற்ற எழுதிய வரியை அவரே நம்பிவிட்டார்.

ஐயா, அடுத்த பதிப்பில் அந்தப் பக்கத்தைத் திருத்துங்கள். யோசனை என்னுடையது. என் முழுப் பெயரோடு அச்சடியுங்கள்.