பதினொரு மணி ஊளை

வீட்டுக்காரர்கள் வேலைக்குப் போனபின் மாலைவரை நாய்க்குட்டிக்குத் துணையிருப்பது என் தொழில். குட்டி வளர்த்து ஓயாமல் தரை துடைத்தவர்களுக்குத் தெரியும், அது நல்லபடி நடப்பதெல்லாம் நாம் இல்லாதபோதுதான். பிறர் சொல்லித்தான் நமக்குத் தெரியவரும். அப்படிக் கேட்ட ஒன்றை ஆறு வருஷமாக நான் முழுதாக நம்பவில்லை.

பகவதியக்கா

பூதப்பாண்டியில் ஜெயா டீச்சர் வீட்டுக் குட்டி டோலி. முதல் நாள் சோறு தின்றது, என் செருப்பைக் கடித்தது, மடியில் தூங்கியது. ஜெயித்துவிட்டேன் என்றிருந்தேன். பதினொரு மணிக்கு மீன்காரர் சேசடிமை, கடியப்பட்டணத்திலிருந்து மொபெட்டில் வந்தவர், பாம் பாமென்று ஹாரன் அடித்தார். டோலி கழுத்தைத் தூக்கி நீளமாக ஊளையிட்டது.

பக்கத்து வீட்டு பகவதியக்கா மதில்மேல் எட்டிப் பார்த்தார். அவர் கணவர் மூன்று மாதமாகப் படுக்கை. “அவிய கட்டில்ல கெடக்காவ, இது தினமும் யாரைக் கூப்பிடுது? வெள்ளிக்கிழமைக்குள்ள நிக்கல்லன்னா எங்கயாவது கொண்டு விடுங்கன்னு டீச்சர்ட்ட சொல்லியாச்சு. அவளும் சரின்னுட்டா!”

மத்தித் தலை

மறுநாள் ஹாரன் கேட்டதும், ஊளை கிளம்புவதற்குள், அவித்த மத்தித் தலையை டோலி வாயில் வைத்தேன். ஊளைக்கே கூலி கொடுக்கிறேனோ என்றும் குழம்பினேன். சத்தம் சிறிதாகத் தொடங்கினால் பழகிவிடும் என்று தோன்றவே, தெருக்கோடியில் நின்று மெதுவாக அடிக்கும்படி சேசடிமையிடம் கேட்டேன்.

“மீன் விக்கவன்ட்ட மெள்ள ஹாரன் அடிண்ணு சொல்லுதியளே அண்ணாச்சி, வாங்கதுக்கு ஆளு எப்படி வரும்?” என்றார். ஆனாலும் அடித்தார். தினமும் கொஞ்சம் கிட்டே வந்தார். வியாழக்கிழமை வாசலிலேயே அடித்தார். டோலி ஊளையிடவில்லை, என்னிடம் ஓடிவந்து வாயைத் திறந்து உட்கார்ந்தது!

வெள்ளிக்கிழமை

அன்று பார்த்து வழியில் என் பைக் செயின் அறுந்தது. தள்ளிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது பதினொன்றரை. கம்பிக் கதவுக்குள் டோலி மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தது. சேசடிமை அடுத்த வீட்டு வாசலில் நின்று, “பகவதியக்கோ, சாளை இருக்கு!” என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

“ஒரு சத்தமில்ல அண்ணாச்சி. உங்க பிள்ளை பாஸாயிட்டு!”

வெளியே வந்த பகவதியக்கா மீனைப் புரட்டிப் பார்த்தபடி சொன்னார்: “ஆமா, சத்தமே கேக்கல்ல. கெடந்துட்டுப் போட்டும்.”

டோலிக்கு இப்போது ஆறு வயது, எந்த ஹாரனுக்கும் ஊளையிடுவதில்லை, பகவதியக்காவின் கணவர் தினமும் மதிலோரம் நடந்துவந்து அதற்கு முறுக்கு போடுகிறார், என்றாலும் மனசு கேளாமல் போன வாரம் சேசடிமையை நிறுத்திக் கேட்டேவிட்டேன்: “உள்ளதைச் சொல்லும், அன்னைக்கு நீரு ஹாரன் அடிச்சீரா?”