லாட்ஜுக்கு வந்த விமானப் பயணிகள்

சுங்குவார்சத்திரத்தில் லாட்ஜ் பார்த்துக்கொள்கிறவள் யாரையும் நம்பக் கூடாது. நம்பினால் பக்கெட் போகும், மக் போகும். ஒருத்தன் பாத்ரூம் தாழ்ப்பாளையே கழற்றிக்கொண்டு போனான், அதை வைத்து என்ன செய்தானோ. முதலாளி வாலாஜாபாத்தில் இருக்கிறார், எப்போதாவது வந்து எட்டிப் பார்ப்பார். மற்றபடி ரிசப்ஷனும் நான்தான், மேனேஜரும் நான்தான், போலீஸும் நான்தான். ஆதார் காப்பி இல்லாமல் கடவுளே வந்து நின்றாலும் சாவி தர மாட்டேன். தங்குகிறவர்கள் பெரும்பாலும் தெற்கேயிருந்து கம்பெனி வேலைக்கு வந்த பையன்கள். ஷிப்ட் முடிந்து வருவார்கள், தூங்குவார்கள், போவார்கள்.

ஏர்போர்ட்டில் ஸ்டிரைக் நடந்த வாரம் என் தம்பியும் இந்த லாட்ஜில்தான் ஒளிந்திருந்தான். ஒளிந்திருந்தான் என்று சொன்னால் அவனுக்குக் கோபம் வரும். “நான் இன்னா திருடனா, ஒளிஞ்சிக்க?” என்பான். விமானத்துக்குள் பெட்டி ஏற்றி இறக்குகிற லோடர் வேலை அவனுக்கு. காண்ட்ராக்ட் கைமாறியது. புதிதாக வந்தவர்கள், பழைய சர்வீஸ் எல்லாம் செல்லாது, எல்லோரும் இன்றைக்குச் சேர்ந்த ஆட்கள்தான் என்று சொல்லிவிட்டார்கள். லோடர்கள் வேலையை நிறுத்திவிட்டு வெளியே பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். பந்தலில் உட்கார்ந்தவர்களை காண்ட்ராக்ட் ஆட்கள் தூரத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டே இருந்தார்களாம். முகம் சிக்கியவனுக்கு பாஸ் புதுப்பிக்க மாட்டார்கள் என்று பேச்சு அடிபட்டது. கழுத்தில் தொங்குகிற அந்த பாஸ் போனால் எந்த ஏர்போர்ட் வாசலிலும் அவனை விட மாட்டார்கள். வேறு வேலை அவனுக்குத் தெரியாது, முதுகும் பாதி போய்விட்டது.

பல்லாவரத்தில் அவன் வீட்டுக்கு யாரோ இரண்டு பேர் வந்து விசாரித்துவிட்டுப் போனார்கள். கிளம்பி வாடா என்று நான்தான் கூப்பிட்டேன். மொட்டை மாடி ரூமைக் கொடுத்து, “யாராவது கேட்டா தண்ணி மோட்டார் போட்ற ஆளுன்னு சொல்லு. கீழ எறங்கி வராத” என்றேன்.

மறுநாளே ஒரு டிராவல்ஸ்காரர் போன் செய்தார். விமானம் போகாமல் மாட்டிக்கொண்ட பயணிகள் இருக்கிறார்கள், சிட்டியில் ரூம் இல்லை, காலியாக இருக்கிறதெல்லாம் வேண்டும் என்றார். வழியில் எத்தனை லாட்ஜ் இருக்கிறது, அதையெல்லாம் தாண்டி இங்கே ஏன் வர வேண்டும்? எனக்கு அப்போதே ஒரு மாதிரி இருந்தது. ஆனால் முதலாளி காதுக்கு விஷயம் போய்விட்டது, அவர் சரி என்று சொல்லிவிட்டார்.

பஸ் வந்தது. தூங்காத முகங்கள், அழுதுகொண்டிருந்த ஒரு குழந்தை, பஸ்ஸின் அடியில் மலை மாதிரி பெட்டிகள். டிரைவர் பெட்டியைத் தொட மாட்டேன் என்று நின்றுகொண்டார். நான் ஆதார் காப்பி வாங்குவதில் மும்முரமாக இருந்தேன். தலையை நிமிர்த்திப் பார்த்தால் என் தம்பி பஸ்ஸின் அடியில் பாதி உடம்பை நுழைத்துக்கொண்டு நிற்கிறான்.

சும்மா இறக்கியிருந்தால்கூடப் பரவாயில்லை. ஒவ்வொரு பெட்டியையும் கையில் வாங்கியதும் முதலில் கைப்பிடியில் ஒட்டியிருக்கும் சீட்டைத் திருப்பிப் பார்க்கிறான். கனமானதைக் கீழே போடுகிறான், பக்கவாட்டில் படுக்க வைக்கிறான், கைப்பிடி எல்லாம் ஒரே பக்கமாக வெளியே தெரிகிற மாதிரி அடுக்குகிறான். போகிற ஊர்வாரியாக வேறு பிரித்து வைத்துவிட்டான். மோட்டார் போடுகிற ஆள் இப்படியா பெட்டி இறக்குவான்?

எனக்கு முன்னால் நின்றிருந்த ஒருவன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். முப்பது முப்பத்தைந்து வயது இருக்கும், ராமநாதபுரம் பக்கத்துப் பேச்சு. “அண்ணன் ஏர்போர்ட்ல வேலை பாக்குறாகளாக்கா?” என்றான்.

“இல்ல. மோட்டார் போட்ற ஆளு. ஆதார் எட்த்தியா?”

“பாஸ்போர்ட்டுதான்க்கா இருக்கு. ஆதாரு ஊர்ல கெடக்கு.”

போச்சுடா என்று நினைத்தேன். ஊரில் எல்லோர் பர்ஸிலும் இருக்கிறது, இவனிடம் மட்டும் இல்லை. பாஸ்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வேண்டாவெறுப்பாகத்தான் சாவியைக் கொடுத்தேன். தம்பியை மேலே இழுத்துக்கொண்டு போய்க் கிழி கிழி என்று கிழித்தேன்.

“பொம்பளைங்க தூக்க முடியாம நிக்கிறாங்கக்கா. நாங்க நிறுத்துனதாலதான அவங்க இங்க நிக்கிறாங்க” என்றான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

அன்று முழுக்க அந்த ராமநாதபுரத்துக்காரன் மேலேயே ஒரு கண் வைத்திருந்தேன். மற்றவர்கள் சாப்பாடு எப்போது, பஸ் எப்போது என்று கேட்டார்கள். இவன் மட்டும் ஸ்டிரைக்கைப் பற்றிக் கேட்டான். டீக்கடையில் கேட்டான், கூட்டுகிற அம்மாவிடம் கேட்டான். யாராவது ஸ்டிரைக் பண்ணுகிற ஆளைத் தெரியுமா என்று என்னிடமே கேட்டான். காண்ட்ராக்ட் ஆள்தான், பயணி மாதிரி வந்து உளவு பார்க்கிறான் என்று முடிவே கட்டிவிட்டேன்.

மறுநாள் காலையில் தம்பி சொன்ன பேச்சைக் கேட்காமல் மறுபடியும் கீழே வந்து வாசல் குழாயில் பக்கெட் பிடித்துக்கொண்டிருந்தான். இவன் ரோட்டோரம் நின்று போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான். நான் கையிலிருந்த விளக்குமாறோடு ஓடிப்போய்க் குறுக்கே நின்றேன்.

“யாருக்குடா அனுப்புற? லோடருங்கல்லாம் வேலைய நிறுத்திக்கினு ரோட்ல குந்திகினு கீறாங்க. பிளேன் போவாம நீங்க இங்க வந்து படுத்துகினு கீறீங்க. டிவில ஒண்ணுமே ஆவலன்னு சொல்லிகினு கீறான். தெம்பு இருந்தா அத போய் எடு. பக்கெட் புடிக்கிறவன எடுத்து இன்னா பண்ணப் போற? டெலீட் பண்ணு மொதல்ல.”

இன்னும் என்னென்னவோ சொன்னேன், எழுத முடியாது. அவன் போனை மெதுவாக இறக்கினான். “அழிச்சுட்டேன்க்கா” என்றான். பிறகு அங்கேயே படியில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னான்.

வளைகுடாவில் ஏதோ கம்பெனியில் வெல்டராம். லீவு முடிந்து மறுநாளுக்குள் போய் நிற்காவிட்டால் வேலை போய்விடும், விசாவும் போய்விடும். விமானம் ஓடவில்லை என்று சொன்னால் அங்கே மேனேஜர் நம்பவில்லை. செய்தியில் பாதிப்பு இல்லை என்றுதானே போடுகிறான், நீ பொண்டாட்டி பிள்ளையை விட்டு வர மனசில்லாமல் கதை விடுகிறாய் என்கிறாராம். விமானக் கம்பெனி தவிர்க்க முடியாத காரணம் என்று மட்டும் மெசேஜ் அனுப்பியிருக்கிறது. லாட்ஜ் போர்டை எடுத்து அனுப்பினால் எந்த லாட்ஜில் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று மேனேஜர் சொல்வாராம். “ஸ்டிரைக் பண்றவுக ஒருத்தவுக, பாஸை காட்டி, ஆமா நாங்கதான் நிறுத்தியிருக்கோம்னு ஒரு வார்த்தை சொன்னா போதும்க்கா” என்றான்.

அவனுக்கு எது வேண்டுமோ, அதுதான் என் தம்பியைத் தெருவில் நிறுத்திவிடும். இப்படி ஒரு கதையைக் கட்டித்தான் முகத்தைப் பிடிப்பார்களோ என்று எனக்குச் சந்தேகம் இன்னும் கூடியது. பின்னால் பக்கெட் வைக்கிற சத்தம் கேட்டது. தம்பி சட்டைக்குள்ளிருந்து பாஸை இழுத்துக்கொண்டிருந்தான்.

“மேல போடா” என்றேன்.

“அக்கா, அவனுக்கும் வேலைதான...”

“மேல போன்னு சொன்னேன்.”

போனான். வெல்டர் தலையைக் குனிந்துகொண்டான். மறுநாள் காலையில் எங்கிருந்தோ ஆள் பிடித்து ஒன்றிரண்டு விமானங்களை ஓட்டினார்கள். பஸ் வந்து எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போனது. அவன் என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனான், நான்தான் முகம் கொடுக்கவில்லை.

பிறகு பேச்சுவார்த்தை நடந்தது. பாதி சர்வீஸை ஒத்துக்கொண்டார்கள், ஸ்டிரைக் முடிந்தது. சில பேருக்கு பாஸ் வரவில்லை. தம்பிக்கு வருகிற வரைக்கும் எனக்குச் சோறு இறங்கவில்லை. வந்துவிட்டது.

அதற்கும் சில மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, தம்பி என் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது லாட்ஜ் போனுக்கு ஒரு வீடியோ வந்தது. திறந்தால் நான். தலைமுடி கலைந்து, விளக்குமாறோடு, லாட்ஜ் போர்டுக்குக் கீழே நின்று கத்துகிறேன். லோடருங்கல்லாம் வேலைய நிறுத்திக்கினு என்று ஆரம்பித்து, எழுத முடியாதது வரைக்கும் எல்லாம் இருந்தது. தம்பி எங்கேயாவது தெரிகிறானா என்று மூன்று தடவை பார்த்தேன். என் உடம்பு மறைத்திருந்தது.

கூடவே அந்த வெல்டர் பேசி அனுப்பியிருந்தான். “இதத்தான்க்கா அனுப்புனேன். மேனேஜர் மலையாளி, தமிழ் நல்லா தெரியும். இந்தம்மா நடிக்கல, நீ வாடான்னு ரெண்டு நாள் சேத்துக் குடுத்தாரு. அன்னைக்கு மத்தியானம் அண்ணன் என் ரூமுக்கு வந்து பாஸை காட்டிப் பேசிக் குடுத்தாக. இதுவே போதும்னு ஆனதால அத அனுப்பல. அழிச்சுட்டேன்.”

அன்றைக்கும் இதே ‘அழிச்சுட்டேன்’தான் சொன்னான். அழித்த லட்சணத்தைத்தான் இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறேன். தம்பியைத் திரும்பிப் பார்த்தேன். கழுத்தில் புது பாஸ் தொங்க, ரசத்துக்குக் குழி வெட்டிக்கொண்டிருந்தான்.

“மூஞ்ச காட்டிப் பேசுனியாடா?”

“பேசுனேன்.”

கையிலிருந்த துணியாலேயே நாலு அடி போட்டேன். எனக்கு அழுகை வந்துவிட்டது, அவன் சாப்பிடுவதை நிறுத்தவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு வெல்டருக்குப் பதில் பேசி அனுப்பினேன்.

“லீவுல வந்தா இங்கயே தங்கு. உனக்கு ஆதார் காப்பி வேணாம். போன மட்டும் ரிசப்ஷன்ல குடுத்துட்டு மேல போ.”