முதுகுக்குக் காவல்

லண்டனில் பழைய வணிகர் சங்கம் ஒன்றின் மண்டபத்தில், என் மதுரைத் தொப்பையை வாடகைக் கோட்டுக்குள் அடக்கி உட்கார்ந்திருக்கிறேன். கூட்டி வந்தவர் இல்ஃபோர்டில் கணக்காளராக இருக்கும் குகன். இந்த வருடம்தான் சங்கத்தில் சேர்ந்திருக்கிறார். அவருடைய முதல் விருந்தாளி நான்.

"மானத்தை வாங்கிப்போடாதேங்கோ அண்ணை. நான் இஞ்ச திரும்ப வரவேணும்," என்கிறார்.

சாப்பாடு முடிந்ததும் இரண்டு கைப்பிடி வைத்த வெள்ளிக் கிண்ணம் ஒன்று ஒயினோடு கைமாறி வருகிறது. எல்லோரும் அதில்தான் குடிக்க வேண்டும். குடிக்கிறவரை யாரும் முதுகில் குத்திவிடாதபடி, முன்பு குடித்தவர் பின்னால் காவல் நிற்பார். அடுத்துக் குடிக்கப்போகிறவர் எதிரே மூடியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அந்தக் காலத்து நட்பு அப்படி.

குகன் குடித்துவிட்டு எனக்குக் காவல் நிற்கிறார். எதிரே மூடியோடு நிற்பவர், குகனைச் சங்கத்தில் சேர்த்துவிட்ட வெள்ளைக்காரப் பெரியவர். வாய் வைத்துக் குடிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும், கைக்குத் தெரியவில்லை. பழக்கதோஷத்தில் கிண்ணத்தை உயரத் தூக்கி அண்ணாந்து ஊற்றுகிறேன். பாதி வாய்க்கு, பாதி சட்டைக்கு.

ஏன் இப்படி என்று பெரியவர் மெதுவாகக் கேட்கிறார். அடுத்தவருக்கு எச்சில் படாமல் கொடுப்பது எங்கள் ஊர் மரியாதை என்கிறேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, தலைவணங்கிக் கிண்ணத்தை வாங்கிக்கொள்கிறார்.

இப்போது நான் அவருக்கு முதுகு காட்டிக் காவல் நிற்கிறேன். எனக்குத் தெரிவது குகனின் முகம் மட்டும். அது முதலில் வெளிறுகிறது, பிறகு மெல்ல விரிகிறது.

"திரும்பாதேங்கோ அண்ணை," என்கிறார். "அவரும் அண்ணாந்துதான் குடிக்கிறார். அவற்ற சட்டையும் போச்சு."